செட்டிநாட்டுப் பழைய வீட்டில் தங்கப் போகிறீர்களா? முன்பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

முதல் தடவை போனபோது, விடுதியாக மாற்றிய ஒரு செட்டிநாட்டு வீட்டில் ஓர் இரவுக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்துத் தங்கினோம். வீட்டைப் பார்க்கவே இல்லை. இரவு பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஏழரைக்குப் பிள்ளையார்பட்டி, அப்புறம் திருமயம் கோட்டை, அப்புறம் ஆத்தங்குடி. பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அப்பா மட்டும், "இதுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு லாட்ஜ் போட்டிருக்கலாமே" என்றார். அவர் சொன்னது சரிதான்.

பதினான்கு மாதம் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனோம். செலவும் குறைந்தது. முதல் தடவை தடுக்கி விழுந்த இடங்களில் நீங்களும் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எந்த மாதிரி இடம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் "ஹெரிடேஜ்" என்று பலகை வைத்திருப்பதெல்லாம் ஒரே மாதிரி இல்லை. மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

முதல் வகை, முழுக்கவே ஓட்டலாக நடத்தப்படும் பழைய வீடு. கானாடுகாத்தானில் உள்ள விசாலம், திருமயத்துக்குப் பக்கத்தில் கடியாபட்டியில் உள்ள சிதம்பர விலாஸ் போன்றவை. நீச்சல் குளம், வரவேற்பு மேசை, வேலையாட்கள் எல்லாம் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது வசதி. வாடகையும் அதற்கேற்ற மாதிரிதான்.

இரண்டாவது, சில அறைகளை மட்டும் விருந்தினருக்கு விட்டிருக்கும் வீடு. மிச்ச அறைகள் பூட்டியிருக்கும். அவை பங்காளிகளின் பங்கு. இங்கே பெரும்பாலும் ஒரு மேனேஜர், ஒரு சமையல்காரர், ஒரு வாட்ச்மேன், அவ்வளவுதான். வீட்டின் வாசம் அதிகமாகக் கிடைப்பது இங்கேதான். அசௌகரியமும் இங்கேதான் அதிகம்.

மூன்றாவது, குடும்பம் வாழ்ந்த வீடாக இல்லாமல், விருந்தினரை உபசரிக்கவென்றே இருந்த பங்களா. காரைக்குடியில் உள்ள தி பங்களா அப்படிப்பட்டது. அங்கே சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் உண்டு.

ஒரு பொறி: இப்போது கட்டிய கட்டடத்தில் நாலு மரத்தூணை நட்டு, தரைக்கு ஆத்தங்குடிக் கல் (அந்த ஊரில் கையால் செய்யும் வண்ணத் தரை ஓடு) பதித்து, "செட்டிநாடு ஹெரிடேஜ்" என்று பெயர் வைப்பதும் நடக்கிறது. தங்குவதற்கு அது மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பழைய வீட்டு விலை கொடுக்காதீர்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் ஹெரிடேஜ் ஓட்டல் என்று தரச்சான்று கொடுக்க வேண்டுமென்றால் கட்டடம் 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். அந்தச் சான்று இல்லாத நல்ல பழைய வீடுகளும் உண்டு. ஆகவே "எந்த வருஷம் கட்டினது, யார் வீடு?" என்று நேராகவே கேளுங்கள். பழைய வீட்டுக்காரர் என்றால் கட்டியவர் பெயர், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பது வரை சொல்லிவிடுவார்.

2. தேதி

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் பொங்கலை ஒட்டியும் அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. வளவில் (தூண்கள் சூழ்ந்த நடு முற்றத்தில்) மழை இறங்குவதைத் தூணில் சாய்ந்து பார்க்கவென்றே போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் வெளியே சுற்ற முடியாது. ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் வீட்டைக் குளுமையாக வைத்திருக்கும் என்பது உண்மைதான். வாசலைத் தாண்டினால் அந்தக் குளுமை நம்மோடு கூடவே வராது.

தேதி சொல்லும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள். அன்றைக்கு வீட்டில் கல்யாணமோ அறுபதாம் கல்யாணமோ இருக்கிறதா? ஷூட்டிங் இருக்கிறதா? சொந்தக் குடும்பத்து விசேஷம் என்றால் எங்கெங்கோ இருக்கும் உறவெல்லாம் அந்த வீட்டுக்குத்தான் வந்து இறங்கும். ஷூட்டிங் என்றால் வளவு முழுக்க லைட்டும் ஒயரும்தான். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இரண்டு நாளும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்பதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு வந்தது.

வார நாட்களில் போக முடிந்தால் போங்கள். திங்கள் முதல் வியாழன் வரை என்றால் வாடகையில் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம், குறைக்கவும் செய்கிறார்கள். அது ஏன் முக்கியம் என்பது நான்காவது படியில் வரும்.

ஓர் இரவு போதாது. இரண்டு இரவு போடுங்கள்.

3. அறையைப் பற்றிப் போனில் கேளுங்கள்

இணையத்தில் பதிவு செய்தாலும் பணம் கட்டும் முன் ஒருமுறை போன் செய்துவிடுங்கள். படத்தில் வருவது எப்போதும் வளவும் தூண்களும்தான். நீங்கள் படுக்கப் போவது அங்கே இல்லை.

இந்த வீடுகள் தெருவிலிருந்து பின் தெரு வரை நீளமாகப் போகும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும் (கட்டு என்றால் வீட்டின் ஒரு பகுதி). வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், ஒன்று என்று பங்கு பிரித்துக் கொடுத்தவை. சீர் சாமான், பாத்திரம், நகைப்பெட்டி வைத்துப் பூட்டத்தான் பெரும்பாலும் அவை பயன்பட்டன. அதனால் சிறியவை. ஜன்னல் இல்லாமலும் இருக்கலாம். கதவும் நிலையும் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே போனால் சிலருக்கு மூச்சு முட்டும். மாடி அறைகள் பெரிதாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும், ஆனால் படிக்கட்டு செங்குத்து.

முதல் தடவை இதை நான் அழுத்திக் கேட்கவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. மாடியில் அறை கொடுத்துவிட்டார்கள். மரப்படி, ஒவ்வொன்றும் முக்கால் முழ உயரம் இருக்கும், ஒரு பக்கம்தான் கைப்பிடி. ராத்திரி பதினோரு மணிக்கு நான் முன்னால், அம்மா பின்னால், நடுவில் அப்பா என்று ஏற்றினோம். இரண்டாவது தடவை, "தரைத்தளம்தான் வேணும், இல்லேன்னா வேற வீடு பாத்துக்கறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டாம் கட்டில் ஓர் அறை கிடைத்தது.

கேட்க வேண்டியவற்றை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

அறை இருப்பது எந்தக் கட்டு, கீழா மாடியா? ஜன்னல் எதைப் பார்த்து இருக்கிறது?

குளியலறை அறைக்குள்ளேயா? அதற்குப் படி உண்டா? (அறைக்குள் பிறகு கட்டிச் சேர்த்த குளியலறை பல இடங்களில் ஓர் அடி உயரத்தில் இருக்கும். தூக்கக் கலக்கத்தில் இறங்கும்போது கால் தவறும்.)

கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏசிக்கும் ஓடுமா, விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமா?

கொசுவலை உண்டா? நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும் வீட்டில் கொசு இருக்கத்தான் செய்யும்.

டிரைவர் தங்க, குளிக்க இடம் உண்டா? இதைக் கேட்காமல் காரில் போய்விட்டு, ராத்திரி டிரைவருக்கு லாட்ஜ் தேடி அலைந்தவர்கள் பலர்.

செல்போன் சிக்னலைப் பற்றி நான் கேட்பதில்லை. அந்தச் சுவர்களின் பருமனைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். அலுவலக மீட்டிங் இருந்தால் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

4. வாடகை, வரி, முன்பணம்

நான் அதிகம் ஏமாந்தது இங்கேதான். யாரும் ஏமாற்றவில்லை, எனக்குத் தெரியவில்லை.

ஓட்டல் அறைக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் இப்படி: ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். (அதற்கு முன் 7,500 வரைக்கும் 12 சதவீதமாக இருந்தது. பழைய கட்டுரைகளில் அதுவே இன்னும் இருக்கிறது, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.) தாண்டிய தொகைக்கு மட்டும் 18 சதவீதம் இல்லை, முழுத் தொகைக்கும். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. வெறும் நூறு ரூபாய் கூடி 7,600 ஆனால் வரியோடு 8,968.

வரி, நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகைக்குத்தான், பலகையில் எழுதியிருக்கும் விலைக்கு இல்லை. எனவே எட்டாயிரம் சொல்லும் இடத்தில் வார நாள் தள்ளுபடி கேட்டு 7,500-க்குள் கொண்டுவந்துவிட்டால் இரட்டை லாபம். முதல் தடவை நாங்கள் 8,000 வாடகை, 1,440 வரி, ஆக 9,440 கட்டினோம். இரண்டாவது தடவை 7,400 வாடகை, 370 வரி, ஆக ஓர் இரவுக்கு 7,770. அறுநூறு ரூபாய் பேரம் பேசியதில் மிச்சம் 1,670.

இதே காரணத்தால், மூன்று வேளைச் சாப்பாட்டையும் அறையையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் பேக்கேஜில் கவனம் வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் 7,500-ஐத் தாண்டி, எல்லாவற்றுக்கும் 18 சதவீதம் ஏறிவிடலாம். காலை உணவோடு அறை, மற்ற சாப்பாடு தனி பில் என்று கேளுங்கள். இரண்டையும் எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். 7,500-க்கு மேல் வாடகைக்கு விடும் ஓட்டல் என்றால் அதன் உணவகச் சாப்பாட்டுக்கும் 18 சதவீதம்தான், மற்ற இடங்களில் 5.

ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன வீடுகளும் உண்டு. அவர்கள் வரி என்று எதையும் வாங்கக் கூடாது. "டாக்ஸ் தனி" என்று யாராவது சொன்னால், ஜிஎஸ்டி எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் வேண்டாமென்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எனக்கு அதைவிட, கிளம்பும்போது சமையல்காரர் கையில் நேரே கொடுப்பதுதான் பிடிக்கும்.

முன்பணம் பாதி கேட்பார்கள். அனுப்பும் முன் இந்த நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: தேதி, எந்த அறை, வரியோடு மொத்தத் தொகை, ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு திரும்பும். போனில் சொன்ன "பாத்துக்கலாம் சார்" எதற்கும் உதவாது. எங்களுக்குத் தரைத்தளம் "பாத்துக்கலாம்" ஆகித்தான் மாடியில் போய் முடிந்தது.

5. அடையாள ஆவணம்

தங்குகிற பெரியவர்கள் எல்லோரிடமும் கேட்பார்கள், பதிவு செய்தவரிடம் மட்டும் இல்லை. ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதுவானாலும் சரி. பான் கார்டை வாங்க மாட்டார்கள், அதில் முகவரி இல்லை. ஆதார் கொடுப்பதாக இருந்தால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைத் தரவிறக்கிக் கொண்டுபோங்கள். ஒரிஜினலும் கையில் இருக்கட்டும்.

சிங்கப்பூர், மலேசியா, லண்டன் என்று வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கூட வந்தால் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். வெளிநாட்டுக் குடிமகன் ஒருவர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் குடிவரவுத் துறைக்கு இணையவழியில் தகவல் கொடுக்க வேண்டும். "சி ஃபார்ம் போடணும்" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்பவருக்கும் இது உண்டு. பாஸ்போர்ட், விசா அல்லது ஓசிஐ அட்டை, இந்தியாவுக்குள் வந்த தேதி முத்திரை, எல்லாவற்றையும் முன்கூட்டியே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் வாசலில் நிற்க வேண்டியதில்லை. சின்ன வீடுகள் சில, இந்த வேலைக்குப் பயந்து வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர்களை ஏற்பதே இல்லை. முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

6. பகலில் போய்ச் சேருங்கள்

சென்னையிலிருந்து போகிறவர்கள் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கிறார்கள். பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி, இரவு ஒன்பதரை வாக்கில் காரைக்குடி. நல்ல ரயில், பழைய வீட்டுக்குப் போக மட்டும் தவறான ரயில். ராமேஸ்வரம் போகும் இரவு ரயில்கள் அதைவிட மோசம், நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோ இறக்கிவிடும்.

எங்கள் கதை: பல்லவன் அரை மணி தாமதம். கானாடுகாத்தான் காரைக்குடியிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். ஸ்டேஷனில் நின்ற ஒரே ஆட்டோ சொன்ன விலைக்கு ஏறினோம். தெருவே இருட்டு. இரண்டு பக்கமும் மாளிகைகள், ஒன்றிலும் விளக்கில்லை. வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு அப்பாவிடம், "ஐயா, சாப்பாட்டுக்குச் சொல்லலையே? சமையக்காரவுக எட்டு மணிக்கே போயிட்டாகளே" என்றார். பையில் இருந்த பிஸ்கட்டோடு படுத்தோம்.

சரி, என்ன செய்யலாம்? இரவு ரயிலில் திருச்சிக்கோ மதுரைக்கோ வந்து, குளித்துச் சாப்பிட்டு, காலையில் கார் எடுங்கள். இரண்டு ஊரிலிருந்தும் காரைக்குடி 90 கிலோமீட்டர் அளவுதான், இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அறை பொதுவாக நடுப்பகலுக்குப் பிறகுதான் தருவார்கள், ஆனாலும் பெட்டியை வைத்துவிட்டு வளவில் உட்கார யாரும் தடுப்பதில்லை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். அறையை அதற்கு முன் போட்டிருந்தால், அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, "செட்டிநாடு" என்ற பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது. பதிவு செய்யும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. சாப்பாட்டுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

இது ஓட்டல் சமையலறை இல்லை. மெனு கார்டைப் பார்த்து ஒன்பது மணிக்கு ஆர்டர் கொடுக்க முடியாது. எத்தனை பேர், சைவமா அசைவமா, குழந்தைக்குக் காரம் குறைக்க வேண்டுமா என்று முந்தின நாளே சொல்ல வேண்டும். மதியச் சாப்பாடுதான் அங்கே பிரமாதம், ஒரு நாளாவது மதியத்தில் வீட்டிலேயே இருங்கள். இரவுக்கு இடியாப்பம், ஆப்பம் மாதிரி லேசாகப் போதும். கவுனி அரிசி (கறுப்பரிசியில் செய்யும் இனிப்பு) கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். அது ஊற வேண்டிய சாமான், நினைத்தவுடன் வராது.

இலைச் சாப்பாடு ஆளுக்கு ஆயிரத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. நாலு பேர், நாலு வேளை என்றால் இரண்டு இரவு அறை வாடகையைத் தொட்டுவிடும். எங்கள் வழி: மதியம் வீட்டில், இரவு காரைக்குடி மெஸ்ஸில்.

8. வீட்டுக்கென்று ஒரு பகலை ஒதுக்குங்கள்

இரண்டாவது தடவை நாங்கள் மாற்றியதில் பெரிய மாற்றம் இதுதான். ஒரு பகல் முழுக்க எங்கும் போகவில்லை.

காலை பத்து மணிக்கு மேல் வளவின் மேற்குத் தூண்களில் வெயில் இறங்கத் தொடங்கியது. பதினொன்றரைக்குத் தரையில் சதுரமாக நின்றது. அப்பா நாற்காலியை அந்தச் சதுரத்தின் ஓரத்தில் போட்டுப் பேப்பர் படித்தார். வெயில் நகர நகர நாற்காலியும் நகர்ந்தது. வாட்ச்மேன் ஒரு சாவியைக் கொண்டுவந்தார். என் உள்ளங்கையைவிட நீளம். அதை உள்ளே விட்டு ஒரு சுற்று, கதவில் இருந்த பித்தளைக் குமிழைத் தள்ளி இன்னொரு சுற்று. கதவு திறந்ததும் பழைய மரமும் புளியும் கலந்த மாதிரி ஒரு வாசனை. உள்ளே பெரிய பெரிய ஜாடிகள், அடுக்கு அடுக்காக எனாமல் பாத்திரம். "எல்லாம் சீர் சாமான். எந்த ஆச்சிக்கு எதுன்னு பேரு வெட்டியிருக்கும், பாருங்க" என்று பித்தளை அண்டா ஒன்றைத் திருப்பிக் காட்டினார். விளம்பரப் படத்தில் இல்லாத அறை அது. பணம் கேட்கவில்லை. கேட்காமல் காட்டவும் மாட்டார், மெதுவாகப் பேச்சுக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் பகல் வேண்டும் என்கிறேன்.

சில எச்சரிக்கைகள். ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும், குழந்தைகளை ஓடவிடாதீர்கள். நிலைப்படி உயரம், தலைவாசல் சில இடங்களில் தாழ்வு, ஆகவே காலையும் பார்க்க வேண்டும், தலையையும் பார்க்க வேண்டும். சுவரில் ஈரத்துணி போடுவது, சூட்கேஸைச் சாய்த்து வைப்பது கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு அது, கீறல் விழுந்தால் அதே மாதிரி திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. பூட்டியிருக்கும் கதவை அசைத்துப் பார்க்காதீர்கள். செல்போனில் படம் எடுக்கலாம். கேமராக்காரரையும் புடவை மாற்ற ஆளையும் கூட்டிப்போய்க் கல்யாண போட்டோ எடுப்பதாக இருந்தால் தனிக் கட்டணம், முன் அனுமதி.

9. வெளியே சுற்ற அரை நாள் போதும்

காலை ஏழு மணிக்குக் கிளம்பி முதலில் பிள்ளையார்பட்டி. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் அதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். அங்கிருந்து ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகையில் சாயத்தை ஊற்றிக் கல் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. ஊருக்குள் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்கவிடும் பெரிய வீடும் உண்டு. கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்து பார்ப்பதாகவே திட்டமிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கார் வாடகை பேசும்போது டிரைவர் பேட்டா சேர்த்தா, தனியா என்று கேளுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. கிளம்பும் அவசரத்தில் போனால் சொன்ன விலைக்கு வாங்கிவிடுவீர்கள். முதல் நாள் சாயங்காலம் போங்கள்.

10. கிளம்பும் நாள்

பல்லவனில் திரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அது காரைக்குடியிலிருந்து அதிகாலையில் புறப்பட்டுவிடும். அந்த நேரத்தில் பில் போட மேனேஜர் இருக்க மாட்டார், காலை டிபனும் கிடையாது. முந்தின இரவே கணக்கை முடித்து, பில்லில் முன்பணம் கழிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆட்டோவையோ காரையோ வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள். டிபனுக்குப் பதில் இட்லி கட்டித் தரச் சொன்னால் சமையல்காரர் தருவார். மணகோலம், சீப்புச் சீடை மாதிரிப் பலகாரம் வாங்க வேண்டுமென்றால் அதையும் முந்தின நாள் பகலிலேயே வாங்கிவிடுங்கள், ரயில் ஏறும் நேரத்தில் ஒரு கடையும் திறந்திருக்காது.